தடுக்கப்பட்ட ஃபைல்கள் திறந்து தரப்படும்

“தொறக்க முடியாது உம்மா, அதைத்தான் சொல்லிக்கிட்டே—”

“முடியாதுன்னு சொல்லாதே, மாட்டேன்னு சொல்லு—”

“நான் எங்க மாட்டேன்னேன்? மெயிலே அதை அடைச்சுப் போட்டிருக்கு. இந்தா பாருங்க, சிவப்பா ஒரு பட்டை—”

“சிவப்புப் பட்டை, பச்சைப் பட்டை! நாப்பத்தோரு நாள் கழிச்சு எம்புள்ள எழுதியிருக்கான். அவனுக்கும் எனக்கும் நடுவுல வந்து நிக்க அவன் யாருடி?”

“எவன்?”

“அதான், உன் மெயிலு.”

வேறு நாளாக இருந்தால் இர்ஃபானா சிரித்திருப்பாள். இன்று உதடு விரியவில்லை. முத்துப்பேட்டையில் மூன்றாவது நாளாக மழை. நெட் சென்டரில் கூரை ஒழுகுகிறது என்று அங்கிருந்த லேப்டாப்பை முந்தானைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தாள். சாப்பாட்டு மேசைமேல் அது திறந்திருந்தது. உம்மா சைத்தூன் பீவி அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, கண்ணாடியை மூக்கில் மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு, திரையில் இருந்ததை நாலாவது தடவையாக வாய்விட்டுப் படித்தாள்.

“‘அன்புள்ள உம்மாவுக்கு ஸலாம். நான் நலம். என்னுடைய போட்டோவும் குரலும் இதில் வைத்திருக்கிறேன். போனிலோ கம்ப்யூட்டரிலோ திறந்து பார்க்கவும். வழக்கம்போல பாஸ்போர்ட்டின் கடைசி நாலு எண். இன்று மாலை ஐந்து மணிக்குள் திறக்கவும். ஃபாஜில்.’ கேட்டியா? குரல் வச்சிருக்கானாம். குரல்!”

அதற்குக் கீழேதான் சிவப்புப் பட்டை. பாதுகாப்புக் காரணங்களுக்காக இந்த இணைப்பு தடுக்கப்பட்டுள்ளது, இதைத் திறப்பது ஆபத்தாக இருக்கலாம் என்று இரண்டு வரி.

“ஆபத்தாம்” என்றாள் சைத்தூன் பீவி. “பெத்தவ புள்ள குரலைக் கேக்குறதுல என்னடி ஆபத்து? ஊருக்கெல்லாம் தொறந்து குடுக்குறவ நீ. உன் வீட்டுக்கு வந்ததுக்கு மட்டும் உனக்குக் கை வராதா?”

அது உண்மைதான். பஜாரில் ஹாஜா மைதீனின் நெட் சென்டருக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களைவிட, அடைபட்ட மெயிலோடு வருகிறவர்கள்தான் அதிகம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டுகள் விசாவைப் பூட்டிய ஃபைலாக அனுப்புவார்கள். பூட்டிய ஃபைலுக்குள் என்ன இருக்கிறதென்று மெயிலால் பார்க்க முடியாது. பார்க்க முடியாததால் சந்தேகப்படும், சிவப்புப் பட்டையைப் போட்டு அடைத்துவிடும். பட்டையைப் பார்த்ததும் விசாவே ரத்தாகிவிட்டதென்று நினைத்து அழுதுகொண்டு ஓடி வந்தவர்கள் உண்டு. அவர்களையெல்லாம் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அடைத்ததைத் திறந்து, விசாவை அச்செடுத்துக் கையில் கொடுத்து அனுப்பியவன் இர்ஃபானாவின் தம்பி ஃபாஜில். ஆறு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தான். பட்டைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில், ஆபத்தைப் புரிந்துகொண்டேன், தொடர்க என்று ஒரு சந்து விட்டிருக்கும். அதில் இரண்டு தடவை அழுத்த வேண்டும். சந்தே இல்லாவிட்டால், அனுப்புகிறவனிடம் சொல்லி ஃபைல் பெயரின் கடைசி மூன்று எழுத்தை மாற்றி அனுப்பச் சொல்ல வேண்டும். மெயில் ஏமாந்து விட்டுவிடும். இங்கே வந்ததும் எழுத்தைப் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். பூட்டைத் திறக்கும் எண்ணை ஜனங்கள் மறந்து தொலைக்கிறார்களென்று, எல்லா ஏஜென்டிடமும் பேசி, அவரவர் பாஸ்போர்ட்டின் கடைசி நாலு எண்தான் என்று ஒரே வழக்கமாக வைத்ததும் அவன்தான்.

ஒரு அட்டையில் நீல மார்க்கரால் எழுதி மேசைக்கு மேலே மாட்டியும் வைத்தான்: ‘தடுக்கப்பட்ட ஃபைல்கள் திறந்து தரப்படும்.’ அவன் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று கிளம்பிப் போய் ஏழு மாதமாகிறது. இர்ஃபானாவின் மாப்பிள்ளை மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டில் சும்மாதானே இருக்கிறாய் என்று ஹாஜா மைதீன் அவளைக் கூப்பிட்டுத் தம்பியின் நாற்காலியில் உட்கார வைத்தார். அட்டை அங்கேயேதான் தொங்குகிறது.

“அந்தச் சின்ன எழுத்தை அழுத்துடி. எனக்கே தெரியும், அவன் அழுத்துறதை நான் பாத்திருக்கேன்” என்று சைத்தூன் பீவி விரலைத் திரைக்கு நேரே நீட்டினாள்.

இர்ஃபானா சட்டென்று அந்த விரலைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் உம்மாவின் கையிலிருந்த கண்ணாடி மேசையில் விழுந்து உருண்டது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். எடுக்கவில்லை.

“உன் கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?” என்றாள் சைத்தூன் பீவி.

“மழை.”

“மழை நேத்தும்தான் பெஞ்சுது.”

இர்ஃபானா கையை இழுத்துக்கொண்டாள்.

“இர்ஃபானா. இந்தா, என்னைப் பாரு. என்ன மறைக்கிறே?”

“ஒண்ணுமில்ல.”

“உனக்குப் பொய் சொல்ல வராது. உங்க வாப்பா மாதிரி. மூக்கு நுனி வேர்த்துரும். நாப்பத்தோரு நாளா உன் மூக்கு வேர்த்துக்கிட்டே இருக்கு, நான் பாக்கலைன்னு நெனைக்கிறியா? நைட் டூட்டிங்கறே, போன் வச்சுக்க விட மாட்டாங்கங்கறே, நல்லா இருக்கான் நல்லா இருக்கான்னு ஓதுறே. சொல்லு, எங்கே எம்புள்ள?”

இர்ஃபானா வாசல் கதவைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். மழைச் சத்தத்தில் வெளியே எதுவும் கேட்காது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“தாய்லாந்துல இல்ல உம்மா.”

“பின்னே?”

“ஏர்போர்ட்டுல இறங்குனதும் வண்டியில ஏத்திப் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கிட்டாங்களாம். விடிய விடியக் கொண்டுபோய் ஒரு ஆத்தைக் கடக்க வச்சாங்களாம். அந்தக் கரை வேற நாடாம். சுத்தி மதில். கேட்டுல துப்பாக்கி.”

“யா அல்லாஹ்.”

“அதுவரைக்கும் ஆளுங்க பக்கத்துல நின்னுக்கிட்டு, நல்லா இருக்கேன்னு பேச வச்சாங்களாம். நாப்பத்தோரு நாளைக்கு முந்தி யாரோட போனையோ வாங்கிப் பேசுனான். சென்டர்ல பின்னாடி, ஜெராக்ஸ் பேப்பர் அடுக்கி இருக்கும்ல, அங்கே நின்னுதான் கேட்டேன். ரெண்டு நிமிஷம்கூட இல்ல.”

“டேட்டா என்ட்ரின்னானே?”

“கம்ப்யூட்டர் வேலைதான். இந்த மாதிரி” என்று இர்ஃபானா திரையைக் காட்டினாள். “இந்த மாதிரி மெயில் அனுப்புற வேலை. பூட்டுன ஃபைல் ஒண்ணை வச்சு, விசா வந்திருக்கு, போட்டோ வந்திருக்குன்னு எழுதி அனுப்பணும். அதைத் தொறந்தா அந்தப் போனு, அந்தக் கம்ப்யூட்டரு அவங்க கைக்குப் போயிரும். அதுல வர்ற ரகசிய நம்பரு, பேங்க்கு, போட்டோ, யார் யார்கூடப் பேசுறோம், எல்லாம். ஒரு நாளைக்கு மூணு பேராவது தொறக்கணுமாம்.”

“தொறக்கலைன்னா?”

இர்ஃபானா முந்தானையால் லேப்டாப்பின் ஓரத்தைத் துடைத்தாள்.

“தொறக்கலைன்னா என்னடி?”

“சாப்பாடு கிடையாதுன்னான்.”

“அவ்வளவுதானா?”

“அதுக்கு மேல சொல்லலை உம்மா.”

“சொல்லலைன்னா அடிச்சிருக்காங்க” என்றாள் சைத்தூன் பீவி. குரல் ஏறவில்லை. கடையில் மீன் நல்லதா கெட்டதா என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அப்படியே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.



“யார்கிட்டயும் சொல்லலையா நீ?”

“திருவாரூருக்குப் போய் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துட்டு வந்தேன். துணி எடுக்கப் போறேன்னு சொன்னேனே, அன்னிக்கு. மேல அனுப்பியிருக்கோம்னு சொன்னாங்க. நம்பர் குடுத்திருக்காங்க.”

“நம்பரு.” சைத்தூன் பீவி தலையை ஆட்டினாள். பிறகு திடீரென்று நிமிர்ந்தாள். “அப்ப இது? இதை அவன்தானே எழுதியிருக்கான்? வேற எவனாவது எழுதியிருந்தா?”

அந்தக் கேள்வியைத்தான் இர்ஃபானா, மெயில் வந்த இரண்டு மணியிலிருந்து, தனக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். வேறு எவனோ எழுதியதாக இருந்தால் நல்லது என்று வேண்டிக்கொண்டும் பார்த்தாள். ஆனால் அந்த வரி இருந்தது. வழக்கம்போல பாஸ்போர்ட்டின் கடைசி நாலு எண். அந்த வழக்கம் உலகத்தில் ஒரே ஒரு மேசையில்தான் உண்டு.

“அவன்தான் உம்மா.”

“உசுரோட இருக்கான்ல?”

“இருக்கான்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று முகத்தைத் தடவிக்கொண்டவள், அடுத்த மூச்சிலேயே, “அப்ப நம்மளதைத் தொற” என்றாள்.

“உம்மா!”

“மூணுல ஒண்ணாச்சும் ஆகட்டும். அதுக்குத்தானே நமக்கு அனுப்பியிருக்கான்? வேற யாரு தொறக்காட்டியும் எங்க வீட்டுல தொறப்பாங்கன்னு. நம்ம வீட்டுல கொள்ளை போக என்ன இருக்கு? எடுத்துட்டுப் போகட்டும். தொற!”

“இது நம்ம லேப்டாப் இல்ல உம்மா, சென்டரு லேப்டாப்பு. இதுல முந்நூறு குடும்பத்தோட பாஸ்போர்ட் காப்பி இருக்கு. யாரு மகன் எந்த ஊர்ல, எந்த கம்பெனியில, எல்லாம் இருக்கு. இதைத் தொறந்தா அவ்வளவும் அவங்களுக்குப் போகும்.”

“உன் போன்ல?”

“அதுலயும் சென்டரு மெயில்தான். ரெண்டும் ஒண்ணு.”

சைத்தூன் பீவி இடுப்பிலிருந்து தன் போனை எடுத்தாள். பட்டன் போன். பின்மூடி கழன்று விழாமலிருக்க ரப்பர் பேண்டு போட்டிருந்தது. “அப்ப இதுல?” என்று நீட்டினாள்.

“இதுல மெயிலே வராது உம்மா” என்று இர்ஃபானா அந்தப் போனை உம்மாவின் கைக்குள்ளேயே வைத்து மூடினாள்.

ஆனால் அவள் பயம் அங்கே நிற்கவில்லை. நாற்பத்தோரு நாளைக்கு முன் ஃபாஜில் கடைசியாகச் சொன்ன இன்னொன்றை அவள் உம்மாவிடம் சொல்லவில்லை. ‘நம்ம ஊரு ஆளுங்க பேரு, மெயிலு எல்லாம் கேக்குறாங்க ராத்தா. எனக்கு மனப்பாடம்னு கண்டுபிடிச்சுட்டாங்க. நான் குடுக்கலை. குடுக்க மாட்டேன்.’ அப்படிச் சொன்னவன் இன்று மெயில் அனுப்பியிருக்கிறான். உம்மாவுக்கு எழுத சென்டர் முகவரியையே கொடுத்திருக்கிறான் என்றால் மற்றதையும் கொடுத்திருப்பான். கொடுக்க மாட்டேன் என்றதற்கும் கொடுத்ததற்கும் நடுவே இருந்த நாற்பத்தோரு நாளில் அந்த மதிலுக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டாள். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொள்கிற மாதிரி.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

உம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இர்ஃபானா லேப்டாப்பை மூடினாள்.

“அக்கா! பாப்பா! இருக்கீங்களா? நான்தான், ராஜாத்தி!”

திருத்துறைப்பூண்டி சாலையில் நாலு நிறுத்தம் தள்ளி இருக்கிறது ராஜாத்தியின் ஊர். அவளும் புருஷன் வைரக்கண்ணுவும் குத்தகைக்கு மூன்று மா நிலம் நடுகிறவர்கள். ஒரே மகன் தமிழரசன் குவைத்தில். முழங்கால் வரை சேறு காய்ந்த காலோடு, தலையில் யூரியா சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். கையில் ஒரு வாழைப்பூ.

“உள்ள வா, நனையாதே” என்றாள் சைத்தூன் பீவி.

“வீட்டைச் சேறாக்கிருவேன்க்கா. இங்கனயே நிக்கிறேன். சம்பா பூரா தண்ணிக்குள்ள நிக்குது. அந்த மனுசன் வடிகால் வாயில நின்னுக்கிட்டு மம்புட்டியால தண்ணியோட சண்டை போடுறாரு. கேட்டாத்தானே அது! என் பேச்சையே கேக்காதவருகிட்ட மாட்டி அதுவும் முழிக்குது.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். “சென்டரு பூட்டிக் கெடக்கே பாப்பா?”

“ஹாஜா மாமா அதிராம்பட்டினத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காங்க ராஜாத்திக்கா. என்ன விஷயம்?”

“விஷயம் நல்ல விஷயந்தான்.” ராஜாத்தி இடுப்பிலிருந்து ஒரு பால் பாக்கெட் உறையை எடுத்தாள். அதற்குள்ளிருந்து இன்னொரு உறை. அதற்குள் போன். “தமிழரசனுக்கு இக்காமா புதுப்பிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தான்ல? அங்கே தங்குறதுக்கான அந்த அட்டை இல்லாம வெளியில தலை காட்ட முடியாதுன்னு பயந்து கெடந்தான். வந்துருச்சு. மெயில்ல வந்திருக்கு. ஆனா இந்தப் பாழாப்போனது தொறக்க மாட்டேங்குது.”

இர்ஃபானா போனை வாங்கவில்லை. வாங்காமலே தெரிந்தது. ராஜாத்தியின் கையில் இருந்தபடியே சிவப்புப் பட்டை தெரிந்தது.

“படிங்கக்கா” என்றாள்.

“நீயே படி, எனக்கு எழுத்து துள்ளுது.”

சைத்தூன் பீவிதான் எட்டி வாங்கினாள். கண்ணாடி இல்லாமல், கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு படித்தாள். “‘இக்காமா புதுப்பிக்கப்பட்டுவிட்டது. இதில் இருக்கிறது. வழக்கம்போல பாஸ்போர்ட்டின் கடைசி நாலு எண். இன்று மாலை ஐந்து மணிக்குள்—’”

நிறுத்திவிட்டாள். மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்ததை இர்ஃபானாவால் தாங்க முடியவில்லை. அழுகையோ ஆத்திரமோ இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். உம்மாவின் கண் எதையோ எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அஞ்சு மணிக்கு இன்னும் அரை மணிதான் இருக்கு. அதான் ஓடியாந்தேன்” என்றாள் ராஜாத்தி. “தம்பி எப்படி இருக்குக்கா? பேசுச்சா?”

“எழுதியிருக்கான்” என்றாள் சைத்தூன் பீவி.

“அதுக்கு நல்ல கைராசி. தமிழரசனோட முதல் விசா அது கையாலதான் தொறந்துச்சு. அன்னிக்கும் இப்படித்தான் ஆபத்து, ஆபத்துன்னு வந்துச்சு. நான் அழுதே போயிட்டேன். ‘அக்கா, இது காவலுக்குக் கட்டுன நாய் மாதிரி, தெரிஞ்சவங்க வந்தாலும் கொலைக்கும், நீங்க பயப்படாம உள்ள வாங்க’ன்னுச்சு பாருங்க! இப்பவும் சிவப்பைப் பாத்தா அதுதான் ஞாபகத்துக்கு வரும். சிரிச்சுக்கிருவேன்.”

“தமிழரசன்கிட்ட கேட்டீங்களாக்கா? அனுப்பியிருக்கானான்னு?” என்றாள் இர்ஃபானா. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

“டூட்டியில போனை எடுக்க விட மாட்டாங்க. ராத்திரிதான் பேசுவான். ஏன் பாப்பா?”

“இல்ல, கேட்டுட்டு நாளைக்குத் தொறந்தா என்ன?”

“நாளைக்கா? அஞ்சு மணிக்குள்ளன்னு போட்டிருக்கே. அப்புறம் செல்லாதுன்னு சொல்லிட்டாங்கன்னா? எம்புள்ளைய அங்கே பிடிச்சு உள்ள வச்சுட்டாங்கன்னா?” ராஜாத்தியின் முகத்திலிருந்த சிரிப்பு, விளக்கைத் தணித்த மாதிரி இறங்கியது. “ஏதும் கோளாறா பாப்பா?”

“இருங்கக்கா. டீ போட்டுட்டு வர்றேன்.”

அடுக்களைக்குள் போனதும் இர்ஃபானா அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே உம்மா வந்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

“என்ன பண்ணப் போறே?”

“சொல்லப் போறேன்.”

“என்னன்னு?”

“தொறக்காதீங்க, இதை ஃபாஜில்தான் அனுப்பியிருக்கான், அவனை அடிச்சு எழுத வைக்கிறாங்கன்னு.”

“மெதுவா. மெதுவாப் பேசு. சொன்னா அவ தொறக்க மாட்டா.”

“ஆமா.”

“பஸ்ஸுல போறப்ப நாலு பேருகிட்ட சொல்லுவா. அந்த நாலு பேரும் தொறக்க மாட்டாங்க.”

“ஆமா உம்மா, அதுக்குத்தான்—”

“ராத்திரிக்குள்ள ஊரு பூரா தெரிஞ்சிரும். ஒருத்தரும் தொறக்க மாட்டாங்க. அப்ப அவனுக்கு மூணுக்கு எங்கே போறது?”

இர்ஃபானா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷமாகப் பார்க்கிற முகம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நோன்பு பிடிக்கிற உம்மா. கஜா புயலன்று ராஜாத்தி குடும்பத்தை ஒன்பது நாள் இதே வீட்டில் வைத்துச் சோறு போட்டவள்.

“உம்மா, அது ராஜாத்திக்கா.”

“எனக்குத் தெரியாதா அது யாருன்னு?”

“அந்தப் போன்ல தமிழரசனோட பாஸ்போர்ட்டு, விசா, அவங்க பேங்க்கு, எல்லாம் இருக்கு. அவன் போனையும் பிடிப்பாங்க. அவன் பேரைச் சொல்லியே இன்னும் நூறு பேருக்கு அனுப்புவாங்க. ராஜாத்திக்கா மகன் அனுப்பினதுன்னு நெனைச்சு அவங்க ஊரே தொறக்கும்.”

“போனுதானே போகும்? தமிழரசனை யாரும் அடிக்க மாட்டாங்கல்ல?”

இர்ஃபானா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சொல்லு. அவன் முதுகுல அடி விழாதுல்ல?”

“உம்மா, வேணாம். இப்படிப் பேசாதீங்க. எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்குப் பயம் விட்டுப் போச்சு” என்றாள் சைத்தூன் பீவி. “ஒரே ஒரு தடவை. இன்னைக்கு ஒரு நாளைக்கு. நாளைக்கு நீ ஊர் பூரா தண்டோரா போடு, நான் தடுக்கலை.”

“நாளைக்கும் மூணு பேரு வேணும் உம்மா. அதுக்கு அடுத்த நாளும்.”

“நாளைக்கி கதையை நாளைக்குப் பாப்போம்.”

“பாப்பா!” என்று வாசலிலிருந்து ராஜாத்தி கூப்பிட்டாள். “டீயெல்லாம் வேணாம்மா. அஞ்சே காலுக்கு பஸ்ஸு. அதை விட்டா ஆறரைக்குத்தான். அந்த மனுசன் வடிகால்ல நிக்கிறாரு!”

இர்ஃபானா வெளியே வந்தாள். கூடத்தில் லேப்டாப் மூடியபடி இருந்தது. ஆனால் அதிலிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம் வந்தது. மெயில் வந்தால் வருகிற சத்தம். அது சென்டரில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கேட்கிற சத்தம். இப்போது கேட்டதும் அவள் வாசலுக்குப் போகாமல் மேசைக்குத் திரும்பினாள்.

மூடியைக் கொஞ்சமாகத் தூக்கினாள். உம்மாவின் பெயருக்குத்தான் வந்திருந்தது. ஒரே வரி.

‘உம்மா, இன்னும் திறக்கவில்லையா?’

அதற்குக் கீழே அதே ஃபைல், அதே சிவப்புப் பட்டை. சைத்தூன் பீவியும் படித்துவிட்டாள். கண்ணாடி இல்லாமலே.

மூடியை இறக்கிவிட்டு இர்ஃபானா வாசலுக்கு வந்தாள். ராஜாத்தி போனை அவள் உள்ளங்கையில் வைத்தாள். போன் சூடாக இருந்தது. ஈரத்துக்குப் பயந்து இடுப்பிலேயே வைத்துக் கொண்டு வந்த சூடு. திரையில், பட்டைக்குக் கீழே, அந்தச் சின்ன எழுத்து இருந்தது. இரண்டு தடவை அழுத்தினால் போதும். தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்த இந்த ஏழு மாதத்தில் எத்தனை தடவை அழுத்தியிருப்பாள்! உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பயந்ததில்லை. மெயில் எப்போதும் ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்க வேண்டாம் என்று ஊருக்கே பழக்கி வைத்தது அவர்கள் வீடு.

“நாலு நம்பரையும் நானே சொல்றேன், உனக்குத் தேடுற வேலை வேணாம்” என்றாள் ராஜாத்தி, மகனின் எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கும் பெருமையோடு. “ஏழு, பூஜ்ஜியம், ஒண்ணு, மூணு. அவன் பொறந்த வருஷத்தை மறந்தாலும் மறப்பேன், இதை மறக்க மாட்டேன்.”

“ராஜாத்திக்கா…” என்று ஆரம்பித்தாள் இர்ஃபானா.

“சொல்லு பாப்பா.”

“இது…”

ராஜாத்தி காத்திருந்தாள். அவள் கண்ணில் சந்தேகம் இல்லை. டாக்டர் சீட்டை வாங்க நிற்கிற மாதிரி நின்றாள். சாக்கின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டி வாசற்படியில் சின்னக் குட்டையாகத் தேங்கியது. கூடத்துச் சுவரில் கடிகாரம் ஐந்துக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம் என்று காட்டியது.

சைத்தூன் பீவி உள்ளே போய் ஒரு காய்ந்த துண்டை எடுத்து வந்தாள். அதை உதறி விரித்தாள். ராஜாத்தியின் தலையிலிருந்த சாக்கைத் தன் கையாலேயே எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, ஈரத் தலையை, குழந்தைக்குத் துவட்டுகிற மாதிரி, அழுத்தி அழுத்தித் துவட்டினாள்.

“அட, விடுங்கக்கா, நான் தொடைச்சுக்கிறேன்” என்று கூச்சத்தோடு நெளிந்தாள் ராஜாத்தி.

சைத்தூன் பீவி விடவில்லை. துவட்டிக்கொண்டே, மகளின் முகத்தைப் பார்க்காமல், கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

“இர்ஃபானா, ராஜாத்திக்கு அதைத் தொறந்து குடுத்து அனுப்பு.”